பயில்வோர் கைச்சோறு

எந்தக் கலையும் பிழையின்றி ஒருவனுக்குக் கைவந்ததில்லை. தச்சன் முதன்முதல் அறுத்த பலகை கோணலாகவே இருந்திருக்கும். தையற்காரன் முதன்முதல் தைத்த சட்டையில் ஒரு கை நீண்டும் மற்றொரு கை குறுகியும் இருந்திருக்கும். பால்மரம் சீவக் கற்றவன் முதன்முதல் தொட்ட மரத்தில் கத்தி ஆழப் பாய்ந்து, அந்தக் காயத்தின்மேல் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்திருக்கும். இவையெல்லாம் யாவரும் அறிந்தவையே. ஆனால், இவற்றை அறிந்தும் நாம் கேளாது விட்டுவிடும் வினா ஒன்று உண்டு. அந்தப் பிழைகளின் விலையை யார் கொடுத்தார்கள்? நியாயப்படி யார் கொடுக்கவேண்டும்?

இவ்வினாவை ஆராய்வதற்குப் பெரிய சாத்திரங்களைப் புரட்டவேண்டியதில்லை; ஒரு சாப்பாட்டு மேசையே போதும். சமையற்கலை கற்பிக்கும் கல்விச்சாலைகள் பல, பொதுமக்களுக்கென உணவு விடுதிகளை நடத்துகின்றன. அங்கே அடுப்படியில் நிற்பவர் மாணாக்கர். தட்டை ஏந்தி வருபவரும் மாணாக்கரே. ஆசிரியர் அருகில் நின்று கவனிக்கிறார். வருகின்ற விருந்தினர் விலை கொடுத்து உண்கின்றனர். அந்த விலை, அதே உணவுக்கு வெளியே கொடுக்கவேண்டிய விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. இஃது ஒரு கடையா, பள்ளிக்கூடமா? அங்கே உண்ணுபவன் வாங்குவோனா, ஆசிரியனா? கடையில் வாங்குவோனுக்குள்ள உரிமைகள் அவனுக்கு உண்டா? ஆசிரியனுக்குள்ள கடமைகள் அவனைச் சேருமா? இவையே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் செய்திகள்.

முதலில் இவ்வேற்பாட்டின் வரலாற்றைச் சிறிது காண்போம். விருந்தோம்பலைத் தொழிலாகக் கற்பிக்க 1893-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஒரு பள்ளி எழுந்தது. 1910-ல் இலண்டன் மாநகரின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் சமையற்காரருக்கென ஒரு பள்ளி தோன்றியது. நம் பக்கத்திலும், சிங்கப்பூர் ஓட்டல் சங்கத்தார் 1983-ல் 'ஷாடெக்' என்னும் பயிற்சிச் சாலையைத் தொடங்கினர். இவற்றுக்கிடையே தனியே நின்று நோக்கத்தக்கது அமெரிக்க நாட்டுச் சமையற் கல்லூரி.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1946-ல், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் அக்கல்லூரி சிறிய அளவில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் இருவரும் பெண்மணிகள். ஒருவர் பிரான்சிஸ் ராத் என்னும் வழக்கறிஞர்; மற்றவர் காத்தரின் ஏஞ்சல் என்னும் அம்மையார். முதல் ஆசிரியர்கள் மூவரே: ஒரு சமையற்காரர், ஒரு ரொட்டிக்காரர், ஓர் உணவியல் அறிஞர். போர்முனையிலிருந்து மீண்ட வீரர்களுக்கு வாழ்க்கைத் தொழில் ஒன்று கற்பிப்பதே அதன் நோக்கம். சற்று எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை துப்பாக்கி ஏந்திய கை இன்று அகப்பை ஏந்தக் கற்கிறது. கொல்லப் பயின்றவனுக்கு ஊட்டப் பயிற்றுவித்தார்கள் அவ்விரு பெண்மணிகள். இதனினும் சிறந்த சீர்திருத்தம் எது?

1972-ல் அக்கல்லூரி நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள ஹைட் பார்க் என்னும் ஊருக்கு இடம் மாறிற்று. அது குடியேறிய பெருங்கட்டடம் முன்னர் ஏசு சபைத் துறவிகள் பயிற்சி பெற்ற மடம். தேவாலயமாக இருந்த கூடம் மாணாக்கர் உண்ணும் கூடமாக மாற்றப்பட்டது. 1955-ல் மறைந்த தெயார் து ஷார்தான் என்னும் துறவியும் தத்துவ அறிஞருமான பெரியாரின் கல்லறை இன்றும் அவ்வளாகத்திலேயே இருக்கிறது. துறவு பயின்ற இடத்தில் இப்போது சமையல் பயிலுகின்றனர். இதைக் கேட்டு முகஞ்சுளிப்போர் நம்மிடையே இருக்கக்கூடும். நமக்கோ இதில் இழிவொன்றும் தோன்றவில்லை. பசித்தவனுக்கு நன்றாகச் சமைத்து இடக் கற்பது, உலகை வெறுத்து ஒதுங்கக் கற்பதினும் தாழ்ந்ததென்று எந்த அறநூல் கூறும்?

இத்தகைய பள்ளிகளில் படிப்பு நடக்கும் முறையைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஏனெனில், நம் வினாவுக்கு விடை அம்முறையிலேயே அடங்கியிருக்கிறது. மாணாக்கர் முதலில் கத்தி பிடிக்கவும், காய் நறுக்கவும், எலும்பிலிருந்து சாறு இறக்கவும், மாவு பிசையவும் கற்கின்றனர். பின்னரே பொதுமக்கள் உண்ணும் விடுதிக்கு அனுப்பப்படுகின்றனர். அங்கும் ஒரே வேலையில் நிலைப்பதில்லை. சில நாள் சூப்பு, சில நாள் மீன், சில நாள் வறுவல், சில நாள் இனிப்பு என்று இடம் மாறுகின்றனர். அடுப்படியில் தம் முறை முடிந்ததும் வெள்ளுடையைக் களைந்து, பரிமாறுவோர் உடை அணிந்து மேசைக்கு வருகின்றனர். ஹைட் பார்க் கல்லூரியில், தலைமைச் சமையற்காரராக வேண்டும் என்ற கனவோடு வந்த மாணாக்கரும் விருந்தினர்முன் தட்டேந்தி நின்றே தேறவேண்டும். சமைப்பவன் பரிமாறுவோனின் பாட்டை அறிகிறான். பரிமாறுபவன் சமைப்பவனின் வெப்பத்தை அறிகிறான். ஒருவர் உழைப்பை மற்றவர் அறியாமையால் விளையும் செருக்கு அங்கே வேரூன்ற இடமில்லை.

இனி, கற்றலின் விலையை இதுவரை கொடுத்துவந்தவர் யார் என்று பார்ப்போம். மருத்துவ மாணாக்கர் நெடுங்காலம் பயின்றது இலவச ஆஸ்பத்திரிகளில் கிடந்த ஏழைகளின் உடம்பிலேயாம். செல்வர் வீட்டுக்குத் தேர்ந்த மருத்துவர் சென்றார். ஏழையின் கட்டிலருகே கற்றுக்குட்டி நின்றான். ஏழையிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. சமையலிலோ, வீட்டில் கற்ற பெண்ணின் பிழைக்கு விலை அவள் கண்ணீர். புதிதாக மணந்து வந்தவள் குழம்பில் உப்புக் கூடினால், அன்று வீடே அவளுக்கு நீதிமன்றம். கடையில் கற்ற பையனின் பிழைக்கு விலை அவன் முதுகு. உலகம் போற்றும் பிரெஞ்சுச் சமையல் மேதை எஸ்கோஃபியே, 1859-ல் தமது 13-ம் வயதில் நீஸ் நகரில் தம் சிற்றப்பன்முறை உறவினர் ஒருவரின் உணவு விடுதியில் வேலைக்குச் சேர்க்கப்பட்டார். அக்காலத்து அடுப்படியில் வசையும் அடியும் பாடத்தின் பகுதிகள். பிற்காலத்தில் அவரே தம் அடுப்படியில் வசைமொழியையும் குடியையும் விலக்கி, வேலையை ஒழுங்காகப் பகுத்து, அத்தொழிலுக்கு மதிப்புத் தேடித் தந்தார். அடிபட்டுக் கற்றவன் அடியாமல் கற்பிக்க முன்வந்தது நன்று. ஆயினும், அவ்வாறு முன்வராதவரே அன்று மிகப்பலர்.

ஆக, கற்றலின் விலையை நெடுங்காலமாகக் கொடுத்துவந்தவர் எளியவர். ஏழை உடம்பால் கொடுத்தான். மருமகள் கண்ணீரால் கொடுத்தாள். சிறுவன் முதுகால் கொடுத்தான். எவரும் தாமாக இசைந்து கொடுக்கவில்லை. மாணாக்கர் நடத்தும் விடுதி இந்தக் கணக்கை மாற்றி எழுதுகிறது. "இங்கே சமைப்பவர் கற்பவர்; பிழை நேரக்கூடும்; விலை குறைவு; இசைந்தால் வருக" என்று அது வெளிப்படையாகச் சொல்லுகிறது. வருபவன் அறிந்து வருகிறான், இசைந்து அமர்கிறான். கற்றலின் விலையில் ஒரு பங்கைத் தன் விருப்பத்தோடு தானே ஏற்கிறான். இவ்வேற்பாட்டின் அறச்சிறப்பு இங்கேதான் இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். "மாணாக்கர் சம்பளம் கட்டிப் படிக்கின்றனர், அவர்களைக்கொண்டே சமைக்கவும் பரிமாறவும் செய்து பள்ளியார் காசு வாங்குகின்றனர். கூலியில்லா வேலைக்குக் கல்வி என்று பெயர் சூட்டியது தவிர வேறென்ன?" என்று தொழிலாளர் நலம் கருதும் அன்பர் கேட்பர். கேட்கவேண்டிய கேள்வியே. பயிற்சி என்ற பெயரால் இளைஞரை உறிஞ்சும் முதலாளிகள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆதலால், உண்மைப் பள்ளியையும் பள்ளி வேடமிட்ட கடையையும் பிரித்தறிய நமக்கு ஓர் உரைகல் வேண்டும்.

அவ்வுரைகல் இதுவென்று நாம் கருதுகிறோம். ஒரு கடைக்காரனிடம் சூப்பு வைப்பதில் கைதேர்ந்த பையன் ஒருவன் இருந்தால், கடைக்காரன் என்ன செய்வான்? அவனை அச்சூப்புச் சட்டியை விட்டு அசையவே விடமாட்டான். அவன் கைப்பக்குவம் கடைக்கு வருமானம். பத்தாண்டு கழித்தும் அவனுக்குத் தெரிந்தது சூப்பு ஒன்றே. உண்மைப் பள்ளியோ இதற்கு நேர்மாறாக நடக்கும். மாணாக்கன் சூப்பில் தேறிய அன்றே அவனை அவ்விடத்தினின்று நீக்கி, அவனுக்குத் தெரியாத மீனுக்கு அனுப்பும்; சூப்புச் சட்டியின்முன் ஒன்றுமறியாத இன்னொருவனை நிறுத்தும். அதாவது, கிடைத்த திறமையைப் பள்ளி தானே வேண்டுமென்று இழக்கிறது; இழந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. எந்த விடுதி தேர்ந்த கையைப் பிடித்துவைத்துக் கொள்கிறதோ அது கடை. எந்த விடுதி தேர்ந்த கையை விடுவித்துத் தேராத கையை வரவேற்கிறதோ அது பள்ளி. சமையலுக்கு மட்டுமன்று, பயிற்சி என்ற பெயரில் நம் பிள்ளைகளை அழைக்கும் எல்லாத் தொழிலிடங்களுக்கும் இவ்வுரைகல் பொருந்தும்.

இனி, உண்ணுவோனின் கடமைக்கு வருவோம். திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென்றே தனி அதிகாரம் வகுத்தார். விருந்து இடுவோனின் கடமையைப்பற்றித் தமிழ்நூல்கள் பேசுவது மிகுதி. விருந்து உண்ணுவோனின் கடமையைப்பற்றி நாம் எண்ணுவதோ குறைவு. பயில்வோர் விடுதியில் இக்குறை பளிச்செனத் தெரிகிறது.

ஒரு மேசையைக் கற்பனை செய்துகொள்வோம். மூவர் அமர்ந்திருக்கின்றனர். பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி சூப்பைக் கொண்டுவந்து வைக்கிறாள். கை சிறிது நடுங்குகிறது. தட்டின் விளிம்பில் இரண்டு துளி சிந்துகிறது. வாயில் வைத்தால் சூப்பு ஆறியிருக்கிறது. முதலாமவர் குரலை உயர்த்தி, "காசு வாங்கவில்லையா? இதுதானா உங்கள் படிப்பு?" என்று அடுத்த மேசைக்கும் கேட்குமாறு சீறுகிறார். இரண்டாமவர் இரக்கமுடையவர். பெண் அருகே வந்து "எப்படி இருக்கிறது, ஐயா?" என்று கேட்கும்போது, "மிக அருமை, தங்கச்சி!" என்று கூறிவிட்டு, அவள் திரும்பியதும் கிண்ணத்தை அப்பால் தள்ளிவைக்கிறார். மூன்றாமவர், "சுவை நன்றாக இருக்கிறது, அம்மா. ஆனால் சூடு இல்லை. கிண்ணத்தை முன்னதாகவே சூடாக்கி வைத்தார்களா என்று அடுப்படியில் கேட்டுப் பார்" என்று அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்லுகிறார்.

இம்மூவரில் கொடியவர் முதலாமவர் என்று உடனே தீர்ப்புக் கூறுவோம். அது சரியே. அவர் குறைந்த விலையைக் கொடுத்து இரண்டு பண்டங்களை வாங்கப் பார்க்கிறார்: ஒன்று உணவு, மற்றொன்று ஒரு சிறு பெண்ணின்மேல் அரை நாழிகை அதிகாரம். தம் அலுவலகத்தில் மேலதிகாரியிடம் வாங்கிய வசையை இறக்கிவைக்க அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவே.

ஆனால், இரண்டாமவரைக் குற்றமற்றவர் என்று நாம் விட்டுவிடலாகாது. அவர் தந்தது பொய். அப்பெண் அங்கே நிற்பது காசுக்காக அன்று, அறிவுக்காக. அவளுக்கு அன்று கிடைக்கவேண்டிய பாடம் "சூப்பு ஆறியிருந்தது" என்னும் உண்மை. அதை அவர் மறைத்துவிட்டார். நாளை அவள் தேர்ச்சி பெற்று வெளியே வேலைக்குச் செல்வாள். அங்கே அதே பிழையைச் செய்வாள். அங்குள்ள முதலாளி இனிய சொல் சொல்லமாட்டான். வேலையை விட்டே நீக்குவான். இன்றைய பொய்ப் புகழ்ச்சியின் விலையை நாளை அவள் தன் பிழைப்பால் கொடுக்கவேண்டும். இரக்கம் என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி நம் சங்கடத்தைத் தவிர்க்கும் தந்திரமே. உண்மை சொல்லும் தொல்லையிலிருந்து நாம் தப்பித்துக்கொண்டு, அதற்கு அன்பு என்று பெயர் வைக்கிறோம். அவளைக் கற்கத் தக்கவளாக மதியாமல் குழந்தையாக நடத்தும் அவமதிப்பும் அதில் மறைந்திருக்கிறது.

மூன்றாமவர் செய்தது பெரிய செயலன்று. ஆயினும் அதில் நான்கு நல்லன உள்ளன. நல்லதை நல்லதென்றார். குறையைக் குறையென்றார். குறைக்குக் காரணம் இருக்கக்கூடிய இடத்தைக் காட்டினார். பிறர் செவிப்படாமல் சொன்னார். தமிழில் இடித்துரைத்தல் என்று ஒரு சொல் உண்டு. அது பகைவன் செயலன்று, நண்பன் கடமை. இடிக்கும் சொல்லோடு காக்கும் கருத்தும் சேர்ந்திருந்தால்தான் அது இடித்துரை. கருத்து நீங்கினால் எஞ்சுவது வெறும் இடியே.

"நான் பசியாற வந்தேன், பாடம் நடத்த வரவில்லை. இந்தப் பாரத்தை என் தலையில் ஏன் சுமத்துகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்கலாம். பாடம் நடத்த விரும்பாதவர் வேறு விடுதிக்குச் செல்லத் தடையில்லை. குறைந்த விலையை ஏற்றுக்கொண்டபோதே அதற்கு ஈடான கடமையையும் அவர் ஏற்றுக்கொண்டார். தள்ளுபடி என்பது கடைக்காரன் போட்ட பிச்சையன்று. பொறுமைக்கும் உண்மைக்கும் முன்கூட்டியே கொடுக்கப்பட்ட கூலி. கூலியை வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாதவனை நாம் வேறிடத்தில் என்ன பெயரிட்டு அழைக்கிறோமோ, அப்பெயர் இங்கும் பொருந்தும்.

இன்னுமொரு சிக்கல் இருக்கிறது. மோட்டார் வண்டிகளுக்கு ரப்பர் டயர் செய்யும் மிஷலின் என்னும் பிரெஞ்சுக் கம்பெனியார் 1900-ல் ஒரு வழிகாட்டி நூலைத் தொடங்கினர். சிறந்த உணவு விடுதிகளுக்கு விண்மீன் குறியிட்டுச் சிறப்பிப்பது அந்நூலின் வழக்கமாயிற்று. மேலே கூறிய லோசான் பள்ளியின் மாணாக்கர் விடுதி 2019-ல் அவ்விண்மீனைப் பெற்றது. மாணாக்கர் கை இவ்வளவு உயரக்கூடுமென்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும், விண்மீன் ஏறிய வாசலில் நுழைபவன் எந்த மனத்தோடு நுழைவான்? முன்பு பொறுக்க வந்தவன் இப்போது சோதிக்க வருவான். அங்கே முதல்நாள் நிற்கும் மாணாக்கனின் நடுக்கம் இருமடங்காகும். பிழை செய்ய இடமில்லாத பள்ளி பள்ளியாக நீடிக்குமா? நீடிக்கலாம், ஆனால், பொறுப்பு அப்போது ஆசிரியரின் தோளில் கூடுதலாக ஏறுகிறது. பிழை மேசைக்கு வருமுன் தடுக்கப்படவேண்டும். ஆயினும் பிழை செய்தவன் அஞ்சி ஒடுங்காமல் காக்கப்படவேண்டும். பள்ளிக்குப் புகழ் வரலாம். புகழுக்காகத் தேர்ந்தவரை மட்டும் முன்நிறுத்தித் தேராதவரைப் பின்கட்டில் ஒளித்துவைத்தால், மேலே கூறிய உரைகல்லில் அது தோற்றுவிடும்.

இச்செய்தி நமக்கு எவ்வாறு உரியது என்று தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நேயர்கள் கேட்பார்களாயின், மிகவும் உரியது என்போம். யார் சமைத்ததை யார் உண்பது, யாரோடு யார் அமர்ந்து உண்பது என்ற வழக்கால் நம் இனம் பட்ட கேடு கொஞ்சமன்று. 1922-ல் திருநெல்வேலிச் சீமையின் சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் தொடங்கிய குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகள் சிலர் மற்றப் பிள்ளைகளோடு அமராது தனியே உண்ண இடமளிக்கப்பட்டது. வரதராசலு நாயுடு, ஈ. வெ. ராமசாமி முதலியோர் அதனை எதிர்த்தனர். 1925-ல் தமிழ்நாடே அதனால் கலங்கிற்று. நாட்டுப்பற்றுக் கற்பிக்க எழுந்த பள்ளியே ஒரு பந்தியை ஒழுங்காகப் போட முடியாமல் இடறி விழுந்தது. சமையற் பள்ளியோ அடுப்பின்முன் நிற்பவனைப் பார்த்து "உன் குலம் யாது?" என்று கேட்பதில்லை. "கையைக் கழுவினாயா? கத்தியைத் தீட்டினாயா?" என்றே கேட்கிறது. தூய்மை பிறப்பிலன்று, கழுவிய கையிலே உள்ளதென்ற பாடத்தை இதைவிட எளிதாக யார் கற்பிக்க முடியும்?

ஆயினும் பழைய நஞ்சு வேறு வடிவில் நம்மிடம் இன்னும் இருக்கிறது. மகனோ மகளோ சமையற்கலை படிக்க விரும்புவதாகச் சொன்னால், நம் பெற்றோர் பலர் என்ன கூறுகின்றனர்? "சட்டி கழுவவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்கின்றனர். இதைச் சொல்லும் தந்தை மூன்று வேளையும் பிறர் கழுவிய சட்டியில் சமைத்ததையே உண்கிறார். துரை பங்களாவில் நம் பாட்டன்மார் சமைத்தனர். அவர்கள் கைப்பக்குவத்தைத் துரைமார் புகழ்ந்தனர். ஆனால், அத்திறமையை எழுதிவைக்கவோ, சான்றிதழ் தந்து மதிக்கவோ எவரும் இல்லை. அவரோடு அதுவும் மண்ணில் மறைந்தது. திறமை இல்லாமையால் அவர் வேலைக்காரராகவே இருந்து மறையவில்லை. திறமையைக் கல்வியென்று ஏற்கும் பள்ளி இல்லாமையால் மறைந்தார். இன்று அப்பள்ளி இருக்கிறது. பாட்டனுக்கு மூடியிருந்த வாசல் பேரப்பிள்ளைக்குத் திறந்திருக்கும்போது, வாசலில் குறுக்கே நிற்பவர் தந்தையாக இருத்தல் தகுமா?

ஆதலால் அன்பர்களே, கற்போர் நடத்தும் விடுதி உங்கள் ஊரில் இருக்குமாயின், ஒருமுறை குடும்பத்தோடு சென்று உண்ணுங்கள். தட்டு வரச் சிறிது தாமதித்தால் பொறுத்திருங்கள். நன்றாயிருந்தால் நன்றென்று சொல்லுங்கள். குறை இருந்தால் மறையாது, ஆனால் மெல்லச் சொல்லுங்கள். பரிமாறும் பிள்ளையை 'ஏய்' என்று அழையாமல் 'தம்பி' என்றும் 'தங்கச்சி' என்றும் அழையுங்கள். உடன் வந்த உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உழைப்போரை எவ்வாறு நடத்துவதென்று அவர்கள் நூலில் கற்பதினும், மேசையருகே நிற்பவரிடம் நீங்கள் பேசும் குரலிலேயே விரைவாகக் கற்பார்கள். அந்த விடுதியில் கற்க வந்தவர் அடுப்படியில் மட்டுமில்லை; மேசையிலும் இருக்கின்றனர்.